ஊஞ்சக்காட்டுக் கேன்

கேள்வி கேட்கக் கற்றுக்கொள்ளச் சென்னியப்பன் ஜெசிந்தாவிடம் போனபோது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. ஜெசிந்தாவுக்கு முப்பத்தாறு.

வயது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. கண்டுபிடிக்க முடியாமல் கிடந்த ஒரு விஷயம்தான் பெரிதாக இருந்தது. பால் குளிரூட்டும் நிலையத்தில் இருபத்துநான்கு வருடம் வேலை பார்த்தவர், கடைசி ஆறு வருடம் அதன் பொறுப்பாளர். பாலை முகர்ந்தே மாடு என்ன தின்றது என்று சொல்லிவிடுவார் என்று சுற்றுவட்டாரத்தில் பேச்சு. அப்படிப்பட்டவருக்குத் தன் தொட்டியிலிருந்த பாலே பிடிபடாமல் போய்விட்டது.

ஆறு ஊர்களிலிருந்து ஒரு வண்டி மாலைப் பாலைக் கேன்களில் ஏற்றிக்கொண்டு வரும். எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் கொட்டிக் குளிரவைப்பார்கள். விடிந்ததும் டேங்கர் வந்து அதை நகரத்துப் பெரிய பால்பண்ணைக்கு எடுத்துப்போகும். பங்குனி மாதம் பாதியில் அந்தப் பண்ணை ஒரு லோடைத் திருப்பி அனுப்பியது. புளிப்பு ஏறியிருக்கிறதாம். மூன்று நாள் கழித்து இன்னொரு லோடு. அடுத்த வாரம் மறுபடியும் இரண்டு. நான்கு லோடையும் ஓடைப் பக்கம் குழி வெட்டிக் கொட்டினார்கள். கேன்களைக் கொட்டும்போது ஒன்றுவிடாமல் முகர்ந்துதான் பார்த்தார் சென்னியப்பன். தொடக்கத்துப் புளிப்பு எந்த மூக்குக்கும் எட்டாது.

மே பத்தாம் தேதிக்குள் காரணம் தெரியாவிட்டால் நிலையத்தை மூடிவிட வேண்டியதுதான் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. முந்நூறு வீடுகள் அந்த ஒரு வண்டியை நம்பி மாடு வைத்திருந்தன.

ஓசூரில் வேலை பார்க்கும் மகன் அவருடைய போனில் ஏஐ ஒன்றைப் போட்டுக் கொடுத்திருந்தான். அதைக் கேட்டார். கரட்டூர்ப் பால்தான் காரணம் என்றது. நம்பிக்கை வராமல் மறுநாளும் கேட்டார். வெள்ளாங்காடு என்றது. மூன்றாம் தடவை ஊஞ்சக்காடு.

அப்போதுதான் நூலக மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலை நடக்கும் வகுப்பைப் பற்றிக் கேள்விப்பட்டார். ஜெசிந்தா கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் ஐந்து வருடம் இருந்தவர். இந்த ஏஐகளிடம் சிக்கலான விஷயங்களைக் கொடுத்து, எப்படிக் கேட்டால் அவை ஒழுங்காக யோசிக்கின்றன என்று பார்ப்பதே அவருடைய வேலை. தொண்டையில் நடந்த ஒரு ஆபரேஷனுக்குப் பிறகு குரல் பாதிதான் திரும்பியது. அதோடு ஊருக்கு வந்துவிட்டார். தையல்கடைக்காரர், பள்ளிக்கூட ஆசிரியர், மருந்துக்கடைப் பெண் என்று பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். அவர் பேசுவது கேட்க வேண்டுமே என்று எல்லோரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கிட்டத்தில் உட்காருவார்கள்.

வகுப்பு முடிந்து மற்றவர்கள் எழுந்து போனதும் சென்னியப்பன் போனை நீட்டினார்.

"டீச்சருங்க, மூணு தடவைக்கு மூணு ஊரைச் சொல்லுதுங்க. என்னை வெச்சு வெளையாடுதா?"

ஜெசிந்தா வாங்கிப் படித்தார். ஒரே வரிதான் இருந்தது. "ஆறு ஊரில் எந்த ஊர்ப் பாலால் லோடு புளித்தது? பேரை மட்டும் சொல்."

"கீழே கேட்டுல இருந்து இந்தக் கதவு வரைக்கும் எத்தனை காலடி இருக்குங்கண்ணா?"

"முப்பது இருக்குமுங்க."

"போய் எண்ணிட்டு வாங்க."

சென்னியப்பன் அவர் முகத்தைப் பார்த்தார். விளையாட்டாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை. இறங்கிப் போய், கேட்டைத் தொட்டுவிட்டு, வாய்க்குள் எண்ணிக்கொண்டே ஏறி வந்தார்.

"அம்பத்தி ரண்டுங்க. மாடிப்படியை நான் சேர்த்தவே இல்லை."

"மொதல்ல ஏன் முப்பதுன்னீங்க?"

"நீங்க கேட்டீங்க. ஏதாச்சும் சொல்லோணுமில்லீங்களா."

ஜெசிந்தா போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"அதுக்கும் அப்படித்தான்."

சென்னியப்பன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "அப்ப அதையும் நடக்க உடோணுமுங்க," என்றார்.

"பேரை மட்டும் சொல்லுங்கறதை எடுத்துருங்க. ஒவ்வொரு படியா யோசிச்சு, யோசிச்சதையும் எழுதிக் காட்டச் சொல்லுங்க."

அன்று மத்தியானமே வீட்டில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகத் தட்டினார். எந்த ஊருக்கு எத்தனை கேன், கேனை எதில் கழுவுகிறார்கள், தொட்டியில் எத்தனை டிகிரிக் குளிர் என்று எல்லாம் எழுதினார். படிப்படியாக யோசித்துச் சொல் என்றும் எழுதினார். அனுப்பப் போகும்போது இன்னொரு வரி தோன்றியது. அதையும் சேர்த்தார். "ஊஞ்சக்காட்டு ராமாத்தாள் கொண்டுவரும் கேனில்தான் கோளாறு என்று எனக்குச் சந்தேகம்."

ராமாத்தாளை அவருக்கு நன்றாகத் தெரியும். ஊஞ்சக்காடு என்பது ஒரு ஊர்கூட இல்லை, வண்டி கடைசியாக நிற்கும் ஒரு திருப்பம். அங்கிருந்து ஏறுவது ஒரே ஒரு சின்னக் கேன், ராமாத்தாளுடையது. வயது நாற்பத்தெட்டு இருக்கும். புருஷன் தென்னையிலிருந்து விழுந்து நாலு வருடமாகக் கட்டிலில். மூன்று மாடுகள்தான் வீட்டை ஓட்டின. பாலின் கெட்டியைக் கருவியில் அளந்து, அந்த டிகிரிக்குத் தகுந்த விலைதான் எழுதுவார்கள். மாசி மாதத்தில் ஒரு நாள் அவள் நிலையத்துக்கே வந்து, நாலு பேர் முன்னால், "என்ற பாலுக்கு டிகிரி பார்க்கறப்ப எனக்கும் ஒருக்காக் காட்டிப்போட்டு எழுதுங்க," என்று கேட்டிருந்தாள். சொன்னவள் அமைதியாகத்தான் சொன்னாள். கேட்டவருக்குத்தான், குறைத்து எழுதுவதாகச் சொன்னதுபோல் அது தைத்தது.

ஏஐ நடந்தது. ஏழு படிகளில் நடந்தது. சின்னக் கேன் சீக்கிரம் சூடாகும். பழைய கேனின் மடிப்பில் அழுக்குத் தங்கும். தனியாகக் கறப்பவர் கேனைக் கழுவ நேரம் போதாது. இப்படியே போய், ஊஞ்சக்காட்டுக் கேனாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று ஏழாவது படியில் வந்து நின்றது. ஒவ்வொரு படியும் தெளிந்த தண்ணீர் மாதிரி இருந்தது. சென்னியப்பன் இரண்டு தடவை படித்தார். பல நாளுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டார்.

திங்கட்கிழமை ஊஞ்சக்காட்டில் கேன் ஏற்ற வேண்டாம் என்று ஓட்டுநரிடம் சொல்லிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலையில் ராமாத்தாள் மூன்று மைல் நடந்து நிலையத்துக்கு வந்தாள்.

"என்ற பாலை ஏனுங்க வேண்டாங்கறீங்க?"

"உங்க கேனுலதான் புளிப்பு வருதுன்னு தெரியுதுங்க."

"ஆரு சொன்னதுங்க?"

சென்னியப்பன் போனை அவள் பக்கம் திருப்பினார். "இதுல போட்டிருக்குது. ஏழு காரணம் சொல்லியிருக்குது."

ராமாத்தாள் அந்த வெளிச்சத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அதுக்கு என்னைத் தெரியுமுங்களா?"

அவர் பதில் சொல்வதற்குள் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு வெயிலில் இறங்கிவிட்டாள்.

அன்று சித்திரை ஒன்று. அன்று மாலை ஏறிய லோடு திரும்பி வரவில்லை. புதன், வியாழன் லோடுகளும் வரவில்லை. சென்னியப்பன் மனைவி சுலோச்சனாவிடம் சொல்லிக்கொண்டார், கேட்கிற மாதிரி கேட்டால் அது சொல்லத்தான் செய்கிறது என்று. சனிக்கிழமை காலை பண்ணையிலிருந்து போன் வந்தது. வெள்ளிக்கிழமை லோடு புளித்துவிட்டது.

மறுநாள் வகுப்பு முடியும்வரை அவர் காத்திருந்தார்.

"நடக்க உட்டேனுங்க," என்றார், எல்லோரும் போன பிறகு. "ஒவ்வொரு படியும் சரிங்க. நான் சரிபார்த்துட்டேன். ஆனா கடைசியில போய்ச் சேர்ந்த எடம் தப்பு. அது எப்படிங்க?"

ஜெசிந்தா போனை வாங்கினார். அவர் எழுதியிருந்த கேள்வியை மேலிருந்து கீழ்வரை படித்தார். ஏஐ எழுதிய ஏழு படிகளைப் படிக்கவில்லை.

"இன்னொரு தடவை கேட்டுல இருந்து எண்ணிட்டு வாங்கண்ணா. ஆனா முப்பதுதான் வரணும்."

"அதுதான் அம்பத்தி ரண்டுன்னு தெரியுமேங்க."

"முப்பது வரணும்."

சென்னியப்பன் போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஒரு பெரிய மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்காலைத் தாண்டுவதுபோல் வெறும் தரையில் தாண்டித் தாண்டி வருவது தெரிந்தது. மேலே வந்தபோது மூச்சு வாங்கியது.

"முப்பதுங்க."

"எண்ணினதுல தப்பு உண்டுங்களா?"

"இல்லீங்க. ஒண்ணும் உடாம எண்ணினேன்."

"அப்புறம் எப்படி முப்பது வந்துச்சு?"

"காலை எட்டி எட்டிப் போட்டனுங்க. மாடியில ரண்டு ரண்டு படியா..."

சொல்லிக்கொண்டு வந்தவர் நிறுத்தினார். ஜெசிந்தா போனை மேசைமேல் வைத்து, ராமாத்தாள் பெயர் இருந்த வரியின்மேல் விரலை வைத்திருந்தார்.

ஜெசிந்தா கேட்டார். "இந்தப் பேரை ஏன் எழுதினீங்க?"

சென்னியப்பன் மாசி மாதத்து டிகிரி விவகாரத்தைச் சொன்னார். சொல்லச் சொல்ல, அது எவ்வளவு சின்ன விஷயம் என்று அவருக்கே காதில் விழுந்தது. ஜெசிந்தா கண்டிக்கவும் இல்லை, பரவாயில்லை என்று சொல்லவும் இல்லை. தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினார்.

வீட்டுக்குப் போகும் வழியில் ஊஞ்சக்காட்டுத் திருப்பத்தில் மொபட் தானாக வேகம் குறைந்தது. ராமாத்தாளிடம் போய்ச் சொல்லிவிடலாமா என்று நினைத்தார். என்னவென்று சொல்வது? உன் பால் இல்லை என்றால், பின்னே யார் பால் என்று கேட்பாள். காரணம் தெரியட்டும், அப்புறம் ஒரேயடியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நேரே ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்த வாரம் பெயரை எடுத்துவிட்டுக் கேட்டார். ஏஐ ஆறு காரணங்களை வரிசையாகச் சொல்லி, இவற்றில் எது என்று இப்போது சொல்ல முடியாது என்றது. இரண்டு, மூன்று விதமாகக் கேட்டார். அதே பதில். செவ்வாய் லோடு திரும்பி வந்தது. வெள்ளி லோடும் வந்தது.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தபோது முகத்தில் இரண்டு நாள் தாடி இருந்தது.

"பேரை எடுத்துட்டேனுங்க. இப்ப தெரியாதுங்குது."

"நல்லதுங்கண்ணா."

"என்னங்க நல்லது? இன்னும் ரண்டு வாரம். முந்நூறு வீட்டுக்காரங்ககிட்ட நான் தெரியாதுன்னா சொல்றது?"

ஜெசிந்தா அவரை நிமிர்ந்து பார்த்தார். "காலையில சாப்பிட்டீங்களா?"

"இல்லீங்க."

பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். மூன்று இட்லியும் பொடியும் இருந்தன. டப்பா மூடியில் இரண்டை வைத்து அவரிடம் தந்துவிட்டு, ஒன்றைத் தான் எடுத்துக்கொண்டார். இருவரும் சாப்பிட்டார்கள். தொண்டையில் இறங்க ஜெசிந்தாவுக்கு நேரம் பிடிக்கும். சென்னியப்பன் காத்திருந்தார்.

"இத்தனை நாள் நீங்க அதைக் கேட்டீங்க," என்றார் ஜெசிந்தா. "இன்னிக்கு அது உங்களைக் கேட்கட்டும்."

"அதுக்கு என்னங்க தெரியும், என்னைக் கேக்க?"

"தெரியாதுன்னுதானே சொல்லுது. என்ன தெரியலைன்னு கேளுங்க. ஒவ்வொண்ணா கேட்கச் சொல்லுங்க. ஒவ்வொண்ணுக்கா பதில் குடுங்க."

சென்னியப்பன் கையைத் துடைத்துக்கொண்டு தட்டினார். ஏஐ கேட்கத் தொடங்கியது. தொட்டியின் குளிர் எல்லா நாளும் ஒன்றா? ஒன்றுதான். கேன் கழுவும் ஆள் மாறினாரா? இல்லை. கரண்ட் போனதா? போனாலும் ஜெனரேட்டர் உண்டு. எந்தெந்தத் தேதி லோடு திரும்பியது?

இதுவரை அவர் அதற்குத் தேதியே கொடுத்ததில்லை. நோட்டைப் பார்த்து, அந்தப் பால் ஏறிய ஏழு மாலைகளின் தேதியையும் எழுதினார்.

"இந்த ஏழும் செவ்வாய் அல்லது வெள்ளி. அந்த இரண்டு கிழமைகளில் மட்டும் நடப்பது ஏதாவது உண்டா?"

"எதுவும் இல்லை," என்று தட்டினார் சென்னியப்பன். யோசிக்காமல் தட்டினார்.

"இடையில் ஒரு செவ்வாய்க்கிழமை லோடு திரும்பி வரவில்லை. வழக்கமாக நடக்கிற எது அன்று நடக்கவில்லை?"

அவருடைய விரல் அப்படியே நின்றது.

அந்தச் செவ்வாய் சித்திரை ஒன்று. ஊரெல்லாம் விடுமுறை.

கீழே யாரோ சைக்கிளை ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது. ஜெசிந்தா எதுவும் கேட்கவில்லை. போனின் வெளிச்சம் மங்கி அணைந்தது. சென்னியப்பன் அதை மறுபடி தொடவில்லை.

"எங்க வீட்டுக்காரிக்குத் தோள்பட்டை எறுகிப்போச்சுங்க," என்றார் சென்னியப்பன் கடைசியில். "கையைத் தூக்க முடியாது. டவுன்ல பிசியோதெரபி. செவ்வாயும் வெள்ளியும். சித்திரை ஒண்ணுக்கு மட்டும் லீவுங்க. பால் வண்டிதான் கூட்டிட்டுப் போகுது. நான்தான் டிரைவர்கிட்டச் சொல்லி வெச்சேன். மூணு ஊர்ல கேனை ஏத்திட்டு டவுனுக்குப் போகும். அவ முடிச்சிட்டு வர்ற வரைக்கும் ஒரு மணி நேரம் நிக்கும். அப்புறம் கூட்டிட்டு வந்து பாக்கி மூணு ஊரு."

"வெயில்லயா நிக்கும்?"

"மேக்க சாயற வெயில்லதானுங்க." அவர் இரண்டு கைகளாலும் முகத்தைத் துடைத்தார். "தை மாசத்துல ஆரம்பிச்சது. அப்பக் குளுருங்க, ஒண்ணும் ஆகலை. வெயில் ஏறினப்பறமாவது எனக்குத் தோணியிருக்கோணும். இருபத்தி நாலு வருசமா இதே வேலையில இருக்கறவன். கிழமையைப் பார்த்திருந்தா நானே சொல்லியிருப்பேன். பார்க்கலை. பார்க்க வேண்டாம்னே இருந்திருக்கேன்."

"இப்ப அவங்களுக்கு எப்படி இருக்குங்க?"

"காது வரைக்கும் கை வருதுங்க இப்ப. தலையை அவளே வாரிக்கறா."

"நல்லதுங்கண்ணா," என்றார் ஜெசிந்தா. இந்தத் தடவை அந்தச் சொல் அவருக்கு வேறு மாதிரி கேட்டது.

வீட்டுக்குப் போனதும் சுலோச்சனாவிடம் சொன்னார். 

"பஸ்ஸுலயே போயிருப்பேனுங்களே," என்றாள். "பஸ்ஸு ஏற முடியுமான்னு என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா."

செவ்வாய்க்கிழமை அவள் பஸ்ஸில் போனாள். வண்டி பழைய வழியில், பழைய நேரத்துக்கு வந்தது. புதன்கிழமை காலை பண்ணையிலிருந்து போன் வரவில்லை. பத்து மணி வரை காத்திருந்துவிட்டு, நடந்ததை நடந்தபடியே மேலிடத்துக்கு ஒரு கடிதமாக எழுதினார். வண்டி, மனைவி, ராமாத்தாள் என்று எதையும் விடவில்லை. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு மொபட்டை எடுத்தார்.

ராமாத்தாள் மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே கட்டிலில் ஒருவர் இருமும் சத்தம் கேட்டது. மூன்று முளைக்குச்சிகளில் இரண்டில்தான் மாடு கட்டியிருந்தது.

சென்னியப்பன் நின்றபடியே சொன்னார். "உங்க பாலு நல்ல பாலுங்க. தப்பு என்னுதுதானுங்க. செவ்வா வெள்ளியில வண்டி..."

"ஒரு மணி நேரம் தாமதமா வருமுங்க," என்றாள் ராமாத்தாள். அரிவாள் நிற்கவில்லை. "தை மாசத்துல இருந்தே அப்படித்தான். அந்த நாள்ல நான் கேனைப் புளியமரத்தடியில வெச்சு, ஈரச் சாக்கைப் போட்டு மூடிட்டு நிப்பேன். வண்டி வந்து கதவைத் தொறந்தா அனலடிக்கும். மத்த கேனைத் தொட்டாலே கையைச் சுடும். டவுன்ல போய் நின்னுட்டு வருதுன்னு டிரைவர் தம்பி சொல்லும்."

சென்னியப்பன் மாடுகள் தண்ணீர் குடிக்கும் தொட்டித் திண்டில் உட்கார்ந்தார்.

"இது உங்களுக்கு முன்னாலயே தெரியுமுங்களா?"

"தெரியாம? நான்தானுங்களே நிக்கறவ."

"அப்புறம் ஏனுங்க சொல்லலை? அன்னிக்கு நெலையத்துக்கு வந்தீங்களே."

ராமாத்தாள் அரிவாளைக் கீழே வைத்தாள்.

"கேட்டீங்களா?"

அதில் கோபம் இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பால் எத்தனை லிட்டர் என்று கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

அவர் காலியாக இருந்த முளைக்குச்சியைப் பார்த்தார். அவள் அவர் பார்வையைப் பார்த்தாள்.

"செவலை போன வியாழக்கெழமைச் சந்தையில போயிருச்சுங்க. மூணு மாட்டுப் பாலைக் கறந்து ஆருக்கு ஊத்தறது? கன்னுக்குட்டிக்கு உட்டது போக அக்கம்பக்கம் குடுத்தேன். தீவனம் ஆரு குடுப்பா?"

"ஆருக்குக் குடுத்தீங்க? நான் போய்த் திருப்பி வாங்கிட்டு வர்றேனுங்க."

"கேரளத்து லாரியில ஏத்திட்டாங்க."

வியாழக்கிழமைக்கு நான்கு நாள் முன்னால்தான் அந்தத் திருப்பத்தில் மொபட் வேகம் குறைந்தது. சென்னியப்பன் அதையும் சொல்லிவிட வாயெடுத்தார். சொன்னால் யாருக்கு என்ன ஆகும் என்று தெரியவில்லை. ஆனாலும் சொன்னார். ராமாத்தாள் கேட்டுக்கொண்டாள். வெட்டிய தட்டை அள்ளி இரண்டு மாடுகளுக்கும் போட்டாள்.

"இன்னிக்குச் சாயந்தரம் வண்டி நிக்குமுங்களா?" என்றாள்.

"நிக்குமுங்க. நேரத்துக்கு வரும். நானும் கூட வர்றேன். டிகிரியை நீங்களே பார்த்துச் சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்."

அவள் தலையை ஆட்டினாள். மன்னித்தாள் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

நிலையத்தை மூடவில்லை. சென்னியப்பனைப் பொறுப்பிலிருந்து இறக்கி, அதே நிலையத்தில் பால் வாங்கும் மேசைக்குப் போட்டார்கள். அது அவருக்குக் கஷ்டமாகத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்ததும் வழக்கம்போல் கடைசியாக நின்றுகொண்டார். ஜெசிந்தா பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பஸ், கடிதம், காலி முளைக்குச்சி, சோளத்தட்டு என்று எல்லாவற்றையும் சென்னியப்பன் ஒழுங்காகச் சொன்னார். ராமாத்தாள் கேட்ட ஒரு வார்த்தையையும் சொன்னார். துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"நீங்க சொல்லிக் குடுத்தது ஒண்ணும் வீண்போகலைங்க," என்றார். "ஆனா ஊஞ்சக்காடு மூணு மைலுங்க. மொபட்டுல பத்து நிமிசம். மொத நாளே போய் அந்தம்மாகிட்டக் கேட்டிருந்தா மொத நாளே தெரிஞ்சிருக்கும். செவலையும் இருந்திருக்கும்." கொஞ்சம் தயங்கினார். குறை சொல்வதாக ஆகிவிடக் கூடாதே என்று இருந்தது. ஆனால் கேட்காமல் போகவும் முடியவில்லை. "இந்த ஒண்ணை மட்டும் ஏனுங்க டீச்சர் எனக்குச் சொல்லித் தரலை?"

ஜெசிந்தா துணியை மேசைமேல் வைத்தார். பதில் வர வெகுநேரம் ஆனது. தொண்டைதான் காரணம் என்று முதலில் சென்னியப்பன் நினைத்தார்.

"மூணு ஞாயித்துக்கெழமை வந்தீங்கண்ணா," என்றார் ஜெசிந்தா. "அந்தம்மா என்ன சொன்னாங்கன்னு நானும் உங்களை ஒரு தடவைகூடக் கேட்கலை."